எர்ணாவூர் வீட்டுத் தோட்டம்: பேட்டரி பட்டறை இருந்த சுவரோரம் கீரை செழிப்பா வருது, சாப்பிடலாமா?

உப்புக்காத்து எழுதியது:

வணக்கம். நான் வட சென்னை எர்ணாவூர். வீட்டுக்குப் பின்னாடி கால் கிரவுண்டு மாதிரி காலி இடம் இருக்கு, அப்பா இருந்த வரைக்கும் அதுல ஒரு முருங்கையும் ரெண்டு வாழையும்தான் நின்னுச்சு, நான்தான் ரெண்டு வருஷமா சிறுகீரை, அரைக்கீரை, கத்திரி, வெண்டைன்னு போட்டுட்டு வர்றேன். இப்ப ஒரு விஷயம் மனசை ரொம்ப உறுத்துது, அதான் இங்க கேக்கறேன்.

தோட்டம் ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா இருக்கு. கிழக்குப் பக்கம் போர் தண்ணி பாயற பாத்தில கீரையோட கொழுந்து இலை எல்லாம் வெளிறி மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, உயரமும் வரலை. மேற்குச் சுவரை ஒட்டின பாத்தில, துணி துவைக்கற தண்ணி போற பக்கம், அதே விதை அதே நாள் போட்டது கரும்பச்சையா தளதளன்னு வருது.

ஆனா அந்த மேற்குச் சுவருக்கு அந்தாண்ட முன்னாடி ஒரு பழைய பேட்டரி பட்டறை இருந்துச்சு. லாரி பேட்டரிய உடைச்சு உள்ள இருக்கற தகட்டை எடுத்து உருக்குவாங்க, ஆசிட்டை அப்படியே மண்ணுல ஊத்துவாங்க, நான் ஸ்கூல் போற காலத்துல அந்தப் புகை வந்தாலே அம்மா ஜன்னலை சாத்திடுவாங்க. மூடி பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. ஆனா மழை பெஞ்சா இப்பவும் அந்தப் பக்கத் தண்ணி சுவர்ல இருக்கற ஓட்டை வழியா எங்க பாத்திக்குத்தான் வருது. இது போக காத்து அடிக்கற நாள்ல கொடியில காயற துணி மேல அனல் மின் நிலையச் சாம்பல் படியற ஏரியா எங்களோடது, அது உங்களுக்கே தெரியும்.

எதிர் வீட்டு அண்ணன் சொல்றாரு, மண்ணுல மெட்டல் இருந்தா செடி மஞ்சளாயிடும், அதனால மஞ்சள் பக்கத்தை விட்டுட்டு செழிப்பா இருக்கறத மட்டும் சாப்பிடுன்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா என் பொண்ணுக்கு ரெண்டரை வயசு, தினமும் அந்தக் கீரையைத்தான் பருப்போட கடைஞ்சு ஊட்டறோம், அவ விளையாடறதும் அந்த மண்ணுலதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க, செடிய பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பட்டாளம்_ரோஜா எழுதியது:

தம்பி முதல்ல பயப்படாதீங்க. நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சளாகறது பெரும்பாலும் இரும்புச் சத்து குறைதான். எங்க மாடித்தோட்டத்துல எனக்கும் வந்துச்சு, அன்னபேதி உப்பு, அதான் இரும்பு சல்பேட், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு அதுல கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டு சாயங்காலமா இலை மேல தெளிச்சேன், ஒரு வாரத்துல பச்சை திரும்பிடுச்சு. உங்க ஊர் போர் தண்ணி உப்பு, அந்த உப்புக்கே கீரை அப்படி ஆகும்.

பட்டறைப் பக்கம் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது. நல்லா மூணு நாலு தண்ணி அலசி சமைங்க. விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.

வேர்முடி எழுதியது:

நான் பெரம்பூர், தாவர உடலியல் படிச்சு அதுலயே கொஞ்ச வருஷம் வேலையும் பாத்தவ. இது நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா உங்க எதிர் வீட்டு அண்ணன் சொன்னது நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா தலைகீழ். நீங்க கவலைப்பட வேண்டியது அந்த செழிப்பான பாத்தியப் பத்தித்தான்.

மஞ்சள் பக்கத்தை ரோஜா அக்கா சொல்லிட்டாங்க, உப்புத் தண்ணி, இரும்பு குறை, அதுவாத்தான் இருக்கணும். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், காட்மியம், நிக்கல் மாதிரி உலோகம் அதிகமானாலும், துத்தநாகமே அளவுக்கு மீறிப் போனாலும், அது செடி இரும்பு எடுக்கறதைத் தடுக்கும், அப்பவும் இலை இதே மாதிரிதான் மஞ்சளாகும். அதனால கண்ணால பாத்து இது இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

இப்ப செடி உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். காட்மியத்துக்கோ காரீயத்துக்கோ ஆர்செனிக்குக்கோ செடில தனி வாசல் கிடையாது, அதெல்லாம் செடிக்குத் தேவையே இல்லாத சரக்கு. ஆனா செடிக்குத் தேவையானதோட சாயல்ல வந்து அதோட வாசல் வழியா நுழைஞ்சிடும். காட்மியம் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு போற வழியில போகும். ஆர்செனிக் ஒரு ரூபத்துல பாஸ்பேட் வழியா போகும், தண்ணி நிக்கற நெல் வயல்ல ரூபம் மாறி சிலிக்கான் போற வழியா நுழையும், அதான் நெல்லுல ஆர்செனிக் பிரச்சனை அவ்வளவு பெருசு. இராணிப்பேட்டைல தொழிற்சாலைக் கழிவா கொட்டிக் கெடக்கற குரோமியம் இருக்கே, அதுல விஷம் அதிகமான வகை சல்பேட் வழியா போகும்.

வந்ததுக்கு அப்புறம் செடி சும்மா இருக்காது. முதல் தடுப்பு வேரோட செல் சுவர், அதுல இருக்கற பெக்டின் காரீயத்தைப் பிடிச்சு ஒட்ட வெச்சிக்கும். அதைத் தாண்டினா வேருக்குள்ள மெழுகு பூசின மாதிரி ஒரு வளையம் இருக்கு, காஸ்பேரியன் பட்டைன்னு பேரு, அது ஒரு செக்போஸ்ட். காரீயம் முக்கால்வாசி இந்த ரெண்டு இடத்துலயே மாட்டிக்கும், மேல ஏறாது. காட்மியம் அப்படி இல்ல, தண்ணியோட சுலபமா மேல போயிடும்.

உள்ள வந்துட்ட உலோகத்தைக் கட்டிப் போட செடி ஒரு சின்ன புரதச் சங்கிலி தயாரிக்கும், பைட்டோகெலட்டின்னு பேரு. 1985ல ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சது, எந்தச் செடியோட செல்லுல தெரியுமா, நம்ம சித்த மருத்துவத்துல இருக்கற சர்ப்பகந்தி செல்லை வளர்த்து அதுல காட்மியம் விட்டுப் பாத்துதான். அந்தச் சங்கிலில இருக்கற கந்தகம் உலோகத்தை இறுக்கிப் பிடிச்சிக்கும், பிடிச்சதை செல்லுக்குள்ள வாக்குவோல்னு ஒரு பை இருக்கு, அதுல கொண்டு போய் போட்டு பூட்டிடும். ஆனா இதைத் தயாரிக்க குளூட்டாதயோன்னு ஒரு பொருள் செலவாகும், அந்தக் குளூட்டாதயோன்தான் செடிய மத்த பாதிப்புல இருந்தும் காப்பாத்தறது. உலோகம் வந்துட்டே இருந்தா ஒரு கட்டத்துல கையிருப்பு தீர்ந்துடும், அப்பதான் ஆக்சிஜனோட கெட்ட ரூபங்கள் பெருகி செல் சவ்வு, பச்சையம் எல்லாம் அடிபடும், வேர் நுனி பழுப்பாகி தடிச்சுப் போகும், செடி குட்டையாகும், இலை மஞ்சளாகும். அதாவது நம்ம கண்ணுக்குத் தெரியற பாதிப்பு எல்லாம் செடி தோத்ததுக்கு அப்புறம் வர்றது. ஜெயிச்சிட்டு இருக்கற வரைக்கும் செடி பாக்க அருமையா இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். செடி விஷத்தை அழிக்கல, பூட்டி வெச்சிருக்கு. பூட்டி வெச்ச இடம் இலையா இருந்தா அதைத்தான் நீங்க கடைஞ்சு ஊட்டறீங்க. நம்ம வயித்துல அந்தப் பூட்டு எல்லாம் நிக்காது.

ஜப்பான்ல டொயாமா பக்கம் ஜின்சு ஆத்துல சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணி பாஞ்ச வயல் அரிசியச் சாப்பிட்டவங்களுக்கு எலும்பு நொறுங்கற நோய் வந்துச்சு, முக்கியமா வயசான பொம்பளைங்களுக்கு. இதாய் இதாய்னா அவங்க பாஷைல வலிக்குது வலிக்குதுன்னு அர்த்தம், அதையே நோய்க்குப் பேரா வெச்சாங்க. காரணம் காட்மியம்தான்னு அவங்க அரசாங்கம் 1968ல ஏத்துக்கிச்சு. கிட்னிக்குள்ள போன காட்மியம் பாதியா குறையவே பத்து முதல் முப்பது வருஷம் ஆகும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்க கேஸ்ல பேட்டரின்னா முதல் சந்தேகம் காரீயம், அந்தத் தகடே காரீயம்தான். அது செடிக்குள்ள அதிகம் ஏறாதுன்னு சொன்னேனே, அது நல்ல செய்தி, ஆனா கீரை தரையோட தரையா இருக்கறது, மழைத்துளி தெறிச்சு மண்ணு இலைக்கு அடியில ஒட்டும், தூசி மேல படியும். கீரைல வர்ற காரீயம் பாதிக்கு மேல இப்படி வெளியில ஒட்டினதாவே இருக்கலாம். அலசினா நிறைய போகும், முழுசா போகாது. அதோட ஆசிட் ஊத்தின மண்ணு வேற, புளிப்பு மண்ணுல உலோகம் கரைஞ்சு வேருக்கு சுலபமா கிடைக்கும்.

கீரையை விடப் பெரிய விஷயம் உங்க பொண்ணு விளையாடற மண்ணு. இதை முதல்ல சொல்லியிருக்கணும். ரெண்டரை வயசுக் குழந்தை கைய வாயில வைக்கும், பெரியவங்க உடம்பு எடுத்துக்கற காரீயத்தை விட குழந்தை உடம்பு நாலஞ்சு மடங்கு எடுத்துக்கும். இன்னிக்கே அந்தப் பக்கம் விளையாடறத நிறுத்துங்க, மேற்குப் பாத்தி கீரையையும் நிறுத்துங்க, டெஸ்ட் எல்லாம் அப்புறம்.

கீரைக்கட்டு எழுதியது:

அண்ணே நான் வியாசர்பாடி. வேர்முடி அக்கா சொன்னதப் பட்சிட்டு கொஞ்ச நேரம் அப்டியே குந்தினு இருந்தேன். எங்க ஆயா கீரை வித்துதான் எங்கப்பாவ வளத்துச்சு. கால்வா ஓரம் ரெண்டு பாத்தி, தண்டுக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. விடிகாலைல பறிச்சு கட்டு கட்டி கூடைல வெச்சினு தெருத் தெருவா போவும். அந்தத் தண்ணி எப்புடி இருக்கும்னு நம்ம ஏரியாக்காரங்களுக்கு சொல்லத் தேவ இல்ல. ஆனா கீரை வந்துச்சு பாருங்க, தண்டு கட்டவெரல் மொத்தம், எல கரும்பச்ச, வாங்கறவங்க எல்லாம் உன் கீரை மாதிரி யாரும் தர்றதில்லனு சொல்லி வாங்கினு போவாங்க. சாக்கடத் தண்ணில சத்து இருக்குல்ல, அதான் அப்டி வந்துச்சுனு இப்பதான் புரியுது. அந்தப் பக்கத்துல ஒரு முலாம் பூசற பட்டறைல இருந்து மஞ்சளும் பச்சையுமா தண்ணி வர ஆரமிச்சப்ப ஆயா தானாவே விட்ருச்சு. கீரைக்கு ஒண்ணுமே ஆவல, அப்பவும் நல்லாதான் வந்துச்சு, ஆனா ஆயா சொல்லுச்சு, இத்த என் பேரப்புள்ளைக்கு நான் தரமாட்டேன், அப்ப ஊரார் புள்ளைக்கு எப்டி விக்கறதுன்னு. அதுக்கப்பால மாதவரம் பக்கம் கெணத்துத் தண்ணி பாயற தோட்டத்துல வாங்கிதான் வித்துச்சு, லாபம் பாதிகூட இல்ல.

அத்தனால சொல்றேண்ணே, தளதளன்னு இருக்கறத நம்பாதீங்க. கொழந்தைக்கு கொஞ்ச நாளு வெளில வாங்கிக் குடுங்க, வாங்கறப்ப எங்க வெளஞ்சதுன்னு ஒரு வார்த்த கேளுங்க. கேட்டா கோச்சிக்க மாட்டாங்க.

உப்புக்காத்து எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, தம்பி. நேத்து நைட் இதைப் படிச்சிட்டு வீட்டுல காட்டினேன், காலைல முதல் வேலையா மேற்குப் பக்கத்தை ஒரு பழைய தகரம் வெச்சு அடைச்சாச்சு. வெறும் கீரைய மட்டும்தான் யோசிச்சிட்டு இருந்தேன், மண்ணு வாய்க்குப் போறது மண்டைல உறைக்கவே இல்ல.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, மண்ணை எங்க எப்படி டெஸ்ட் பண்றது, அரசு மண் பரிசோதனைல இது வருமா? ரெண்டாவது, சூரியகாந்தி, கடுகு எல்லாம் போட்டா அது மண்ணுல இருக்கற மெட்டலை உறிஞ்சி சுத்தம் பண்ணிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், அதைப் போட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு கீரை போடலாமா?

சோதனைக்குழாய் எழுதியது:

அண்ணா வணக்கம், நான் ஒரு தனியார் லேப்ல மாதிரி சோதனை பாக்கறவன், அதனால முதல் கேள்விக்கு நான் சொல்றேன். வழக்கமான மண் பரிசோதனைல தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, உப்பு அளவு, மிஞ்சிப் போனா இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு பாப்பாங்க. காரீயம், காட்மியம் அதுல வராது, தனியா கேட்டுக் குடுக்கணும். என்ஏபிஎல்னு லேபுக்குத் தரச் சான்று தர்ற அமைப்போட அங்கீகாரம் இருக்கற லேபா பாத்து, காரீயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம் நாலும் வேணும்னு எழுதிக் குடுங்க.

மாதிரி எடுக்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. மேற்குப் பாத்தி தனி, கிழக்குப் பாத்தி தனி, குழந்தை விளையாடற இடம் தனி, இதை எல்லாம் ஒண்ணா கலக்கவே கூடாது. ஒவ்வொண்ணுலயும் ஏழெட்டு இடத்துல, பாத்தின்னா ஒரு சாண் ஆழம் வரைக்கும், விளையாடற இடம்னா மேலாக ஒரு விரக்கடை மட்டும் எடுத்து, அந்தந்த இடத்து மண்ணை மட்டும் கலந்து அரைக் கிலோ போதும். துருப்பிடிச்ச மண்வெட்டி, துத்தநாகம் பூசின தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியும் புது கவரும் போதும். நிழல்ல உலத்துங்க.

அப்புறம் மண்ணுல மொத்தம் எவ்வளவு இருக்குங்கறது ஒரு கணக்கு, செடிக்குக் கிடைக்கற மாதிரி கரையற பங்கு எவ்வளவுங்கறது வேற கணக்கு. ரெண்டாவதுக்கு டிடிபிஏ முறைன்னு கேளுங்க. காசு இருந்தா ரெண்டும் பாருங்க, குழந்தை விஷயத்துக்கு மொத்த அளவுதான் முக்கியம், ஏன்னா வாய்க்குள்ள போற மண்ணு மொத்தமாத்தான் போகுது.

கீரையவும் குடுங்க. அதுல ஒரு யுக்தி இருக்கு, ஒரே பாத்தில பறிச்ச கீரைல பாதிய அலசாம, பாதிய நீங்க வீட்டுல அலசற மாதிரியே அலசி, தனித்தனியா குடுங்க. அலசாததுல நிறைய இருந்து அலசினதுல குறைஞ்சா தூசிதான் வில்லன், ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா வேர் வழியா ஏறியிருக்கு. ரிசல்ட் வந்தா உலர் எடைக்கா பச்சை எடைக்கான்னு பாத்துக்கோங்க, கீரைல பத்துல ஒன்பது பங்கு கிட்ட தண்ணி, அதனால உலர் எடைக் கணக்குல பாத்தா பத்து மடங்கு கிட்ட பெருசா தெரியும். கோடெக்ஸ்னு உலக அளவுல உணவுத் தரம் வகுக்கற அமைப்போட வரம்பு பச்சைக் கீரைக்கு, கிலோவுக்கு காரீயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம். நிறைய பேர் உலர் எடை நம்பரை இந்த வரம்போட ஒப்பிட்டு பதறிப் போயிருக்காங்க, அதுக்காக சொல்றேன்.

வேர்முடி எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். உலோகத்தை அள்ளிக் குவிக்கற செடிகள் இருக்கறது நிஜம். ஒரு பெரணி வகை ஆர்செனிக்கை அசாதாரணமா இழுத்து இலைல வெச்சிக்கும்னு 2001ல கண்டுபிடிச்சாங்க, அந்தப் பெரணி நம்ம நாட்டுலயும் சுவர் இடுக்குல முளைக்கறதுதான். ஆனா அது ஆர்செனிக்குக்கு. காரீயத்துக்கு அப்படி ஒரு செடி கையில இல்ல. காரீயம் மண்ணை விட்டே வராது, வந்தாலும் வேர்லயே நின்னுடும். கடுகோ சூரியகாந்தியோ காரீயத்தை மேல இழுக்கணும்னா ஈடிடிஏ மாதிரி ஒரு ரசாயனத்தை மண்ணுல ஊத்தி கரைய வைக்கணும், அப்படிக் கரைச்சா செடி எடுத்தது போக மிச்சம் மழையோட கீழ இறங்கி உங்க போர் தண்ணிக்குப் போகும். எர்ணாவூர்ல நிலத்தடித் தண்ணி எவ்வளவு மேல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. வேண்டவே வேண்டாம். அப்படியே கொஞ்சம் உறிஞ்சினாலும் அந்தச் செடிய உரக்குழில போட முடியாது, மாட்டுக்குப் போட முடியாது, எரிச்சா புகைல போகும், ரெண்டு வருஷத்துல முடியற கதையும் இல்ல.

நீங்க செய்ய முடிஞ்சது மண்ணுலயே அதைக் கட்டிப் போடறது. நல்ல மக்கின உரம் நிறைய சேத்தா காரீயமும் காட்மியமும் அதுல ஒட்டிக்கும். மண்ணு புளிப்பா இருந்தா சுண்ணாம்பு போட்டு நடுநிலைக்குக் கொண்டு வரணும், ஆனா டெஸ்ட் பாக்காம போடாதீங்க, கடலோர மண்ணு ஏற்கனவே காரமா இருந்தா இரும்பு குறை இன்னும் மோசமாகும்.

உப்புத் தண்ணி பத்தி ஒரு விஷயம், இது நம்ம ஊருக்குன்னே இருக்கற பிரச்சனை. தண்ணில இருக்கற குளோரைடு காட்மியத்தோட சேந்து அதை மண்ணுல இருந்து கழட்டிக் கரைய வெச்சிடும், அதனால ஒரே அளவு காட்மியம் இருக்கற ரெண்டு மண்ணுல உப்புத் தண்ணி பாயற மண்ணுலதான் செடிக்கு அதிகமா ஏறும். திருவொற்றியூர்ல இருந்து அத்திப்பட்டு வரைக்கும் போர் தண்ணி உப்பாகிட்டே வர்ற இடத்துல, மண்ணு அளவு மட்டும் பாத்து பரவாயில்லன்னு விட முடியாது. கீரைக்கு முடிஞ்சா மழைத் தண்ணியோ மெட்ரோ தண்ணியோ விடுங்க.

அப்புறம் என்ன பயிர் போடறதுங்கறது. ரொம்ப தோராயமா சொன்னா, உலோகம் சேர்றதுல இலை முதல்ல, கிழங்கு அடுத்தது, காய் கடைசி. கீரைலயும் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை குடும்பம் காட்மியத்தை நல்லாவே இழுக்கும். முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் மண்ணுக்குள்ளயே இருக்கறது, தோல்ல மண்ணு ஒட்டும், சந்தேகமான இடத்துல வேண்டாம். புடலை, பீர்க்கன், சுரை, அவரை பந்தல்ல ஏத்தினா தரையை விட்டு விலகி நிக்கும், காய்க்கு உலோகம் போறதும் குறைவு. ஆனா மேற்குச் சுவரோரம் அதுவும் இப்ப வேண்டாம்.

புழல்_பக்கம் எழுதியது:

கத்திரி பத்தி நான் ஒண்ணு சேத்துக்கறேன், காய்கறில கத்திரி கொஞ்சம் விதிவிலக்கு, காட்மியத்தை காய்க்கும் அனுப்பும். ஜப்பான்ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு 2008ல வெளியிட்டாங்க, கத்திரிய சுண்டைக்காய் வேர்ச்செடி மேல ஒட்டுக் கட்டினா காய்ல காட்மியம் பாதிக்கும் கீழ வந்துடுது. சுண்டைக்காய் வேர் காட்மியத்தை மேல ஏத்தி விடறதே குறைவு. நம்ம வத்தக்குழம்புல போடற அதே சுண்டைக்காய்தான். நம்மூர்லயே வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் தாங்கும்னு சுண்டைக்காய் மேல ஒட்டுக் கட்டின கத்திரி நாத்து விக்கறாங்க, நான் ரெண்டு வருஷமா அதைத்தான் வெக்கறேன், செடி மரம் மாதிரி நின்னு காய்க்குது.

இன்னொண்ணு, மண்ணு சரியில்லன்னு தொட்டி, பை எல்லாம் வாங்கினா அதுல போடற உரத்தையும் பாத்து வாங்குங்க. எல்லாக் குப்பையும் கலந்து மக்க வெச்ச உரம் சில இடத்துல மூட்டை சல்லிசா கிடைக்கும், அதுல பேட்டரி, பெயிண்ட் எல்லாம் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பை உரத்துல கிலோவுக்கு காரீயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, சோதனை அறிக்கை கேட்டு வாங்குங்க, தரலைன்னா வேண்டாம். எங்க வீட்டுல சமையல் கழிவ மட்டும் மக்க வெச்சுத்தான் போடறேன்.

பழைய வீடா இருந்தா ஜன்னல் பெயிண்ட்டையும் பாருங்க. வீட்டு பெயிண்ட்ல காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு, மேல இருக்கக் கூடாதுங்கறது 2017 நவம்பர்ல இருந்துதான், அதுக்கு முன்னாடி அடிச்சது உரிஞ்சு விழுந்தா தோட்ட மண்ணுலதான் சேரும். ரோட்டோரமா இருந்தா அதுவும்தான், காரீயம் கலந்த பெட்ரோல் 2000த்துலதான் நின்னுச்சு, அப்ப விழுந்தது இன்னும் மண்ணுலதான் இருக்கு.

பட்டாளம்_ரோஜா எழுதியது:

நான் முதல்ல அலசி சமைங்கன்னு சொன்னது இப்ப நினைச்சா ஒரு மாதிரி இருக்கு, இவ்வளவு இருக்குன்னு தெரியாது தம்பி. நம்ம ரசம் வைக்கற ஈயச்சொம்பும் இதுவும் ஒண்ணான்னு வேற பக்கத்து வீட்டுல கேட்டாங்க.

வேர்முடி எழுதியது:

இல்லக்கா, ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம், ரெண்டும் வேற வேற உலோகம். ஆனா கலப்படமா காரீயம் சேத்த சொம்பும் விக்கறாங்க, அதனால தெரிஞ்ச கடைல நம்பிக்கையா வாங்கினதுன்னா மட்டும் வெச்சிக்கோங்க. நீங்க சொன்ன அன்னபேதி விஷயம் ரொம்ப சரி, அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல. மண்ணுல இரும்பும் துத்தநாகமும் போதுமான அளவு இருந்தா அந்த வாசல்ல கூட்டம் சேந்து காட்மியம் நுழையறதும் குறையும்.

உப்புக்காத்து எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ரிசல்ட் வர லேட் ஆயிடுச்சு.

அக்கா சொன்ன மாதிரியேதான். மஞ்சளா இருந்த கிழக்குப் பாத்தில காரீயம், காட்மியம் ரெண்டும் பயப்படற மாதிரி எதுவும் இல்ல, உப்பு மட்டும்தான் எகிறி இருக்கு, இரும்பு குறைவு. தளதளன்னு இருந்த மேற்குப் பாத்தில காரீயம் கிழக்கை விடப் பல மடங்கு. சுவர் ஓட்டைக்கு நேரா எடுத்த மண்ணு புளிப்பா வேற இருக்கு, ஆசிட்டோட வேலைதான். கீரைய ரெண்டு விதமா குடுத்ததுல அலசாதது வரம்பைத் தாண்டி நிக்குது, அலசினது பாதிக்குக் கீழ குறைஞ்சுது, ஆனாலும் வரம்பை விடக் கொஞ்சம் மேலதான். ரெண்டு வருஷம் அதைத்தான் ஊட்டியிருக்கோம். என் வீட்டுக்காரி ரிப்போர்ட்டைப் பாத்து அழுதுட்டா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

பொண்ணைக் குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிப் போய் ரத்தத்துல காரீயம் பாக்கணும்னு கேட்டேன், அவரு ஏன் எதுக்குன்னு பொறுமையா கேட்டு எழுதிக் குடுத்தாரு. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தா எங்க இருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லியிருக்காம், இவளுக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ. ஆனா பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதும்மான்னு அவ அம்மாகிட்ட நேரடியாவே சொல்லிட்டாரு. ஹீமோகுளோபின் குறைவா இருக்கு, அதுக்கு இரும்பு டானிக், பால், கேழ்வரகு கூழ் குடுக்கச் சொன்னாரு, இரும்பும் கால்சியமும் குறைஞ்சா குடல் காரீயத்தை அதிகமா எடுத்துக்குமாம். மூணு மாசம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுக்கணும்.

சுவர் ஓட்டைய சிமெண்ட் வெச்சு அடைச்சாச்சு. மேற்குப் பக்கம் ஒரு ஆறடிக்கு கெட்டி ஷீட் விரிச்சு மேல கடப்பாக்கல் போட்டுட்டோம், கிளறவே கூடாதுன்னு முடிவு. வேலை பாத்தவங்களை முகத்துக்குத் துணி கட்டி தண்ணி தெளிச்சு தெளிச்சுத்தான் வேலை செய்யச் சொன்னேன். செருப்பை வாசல்லயே கழட்டறோம், வீட்டைப் பெருக்காம ஈரத்துணி போட்டுத் துடைக்கறோம். கீரைய மொட்டை மாடிக்கு மாத்தியாச்சு, பைல தேங்காய் நாரும் செம்மண்ணும் வீட்டு உரமும், மழைத் தண்ணி பிடிச்ச தொட்டித் தண்ணி. கிழக்குப் பக்கம் புடலையும் அவரையும் பந்தல் போட்டிருக்கேன், புழல் அண்ணன் சொன்ன சுண்டைக்காய் ஒட்டுக் கத்திரி நாலு நாத்து கிடைச்சுது. பட்டறை இருந்த இடம் இப்ப யாரோடதுன்னு விசாரிச்சிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் இன்னும் நாலு வீடு இருக்கு, நாலுலயும் குழந்தைங்க இருக்காங்க, ரெண்டு வீட்டுல என் ரிப்போர்ட்டைக் காட்டிட்டேன்.

கடைசியா ஒண்ணு மட்டும் கேக்கணும். அப்பா வெச்ச முருங்கை அதே மேற்குச் சுவர்லதான் நிக்குது. இருபத்தஞ்சு வருஷ மரம். அதை வெட்டணுமா?

வேர்முடி எழுதியது:

வெட்டாதீங்க. வெட்டி வேரைத் தோண்டினா அடியில அமைதியா கெடக்கற மண்ணைக் கிளறி மேல கொண்டு வர்ற மாதிரி ஆயிடும், நிழலும் போயிடும், மேல விழற தூசியத் தடுக்கவும் ஒண்ணு வேணும். மரத்தோட வேர்ல காரீயம் நிக்கும், காய் வரைக்கும் போறது ரொம்பக் குறைவா இருக்கும்னு நினைக்கறேன், இலை மேல தூசி இருக்கலாம். நினைக்கறேங்கறதை வெச்சு குழந்தைக்குக் குடுக்க வேண்டாம். உயரத்துல இருந்து நாலு காய், ஒரு பிடி கீரை அலசி, ஒரு பிடி அலசாம, மூணு கவர்ல போட்டு அதே லேப்ல குடுங்க, வந்ததும் நம்பரை இங்க போடுங்க, பச்சை எடையா உலர் எடையான்னும் சேத்து எழுதுங்க.

கீரைக்கட்டு எழுதியது:

அண்ணே அந்த மத்த ரெண்டு வீட்டுக்கும் சொல்லிருங்க, நாளைக்கே. ஞாயித்துக்கெழம நான் அந்தப் பக்கம் வர்றேன், மண்ணு எடுக்க கவரும் கரண்டியும் எடுத்துனு வர்றேன், சேந்தே போய் பேசலாம்.